சபையை விட்டு வந்தவர்களைக் குறிவைக்கும் ‘மீட்பு ஆலோசனை’: ஓர் எச்சரிக்கை

கட்டுப்பாடு மிகுந்த மதக் குழு ஒன்றிலிருந்து வெளியே வந்தவர்களையும், வெளியே வரலாமா என்று யோசித்துக்கொண்டிருப்பவர்களையும் மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். அப்படி வருபவர்களுக்கு மறுவாழ்வு தருவதாக விளம்பரம் செய்யும் சென்னைத் தனியார் மையம் ஒன்றில் நான் பணத்தை இழந்தது மட்டுமன்றி, எதை விட்டு வந்தேனோ அதே பழக்கங்களுக்குள் மறுபடியும் தள்ளப்பட்டேன். நுகர்வோர் ஆணையத்தில் என் மனு நிலுவையில் இருப்பதால் மையத்தின் பெயரை எழுதவில்லை. அவர்களுடைய நடைமுறையை விரிவாகச் சொல்கிறேன். பெயர்ப்பலகையை மாற்றிவிடலாம், நடைமுறையை அவ்வளவு எளிதாக மாற்றிவிட முடியாது.

நான் இருந்தது தென்மாவட்டத்தில் ஒரு வீட்டில் தொடங்கிய, எந்தத் திருச்சபை நிர்வாகத்துக்கும் கட்டுப்படாத ஜெபக்குழு. எல்லா ஜெபக்குழுக்களும் அப்படிப்பட்டவை அல்ல. எங்களுடையது அப்படி இருந்தது. எந்த வேலைக்குப் போவது, யாரைத் திருமணம் செய்வது, விடுமுறைக்கு எந்த உறவினர் வீட்டுக்குப் போவது என்பதையெல்லாம் குழுவை நடத்திய ஊழியர் ஐயாவே முடிவுசெய்தார். மாத்திரை சாப்பிடுவது விசுவாசக் குறைவு என்றும், மனத்தில் எழும் சந்தேகம் பிசாசின் குரல் என்றும் கற்பிக்கப்பட்டது. வெளியேறியவர் பின்மாற்றக்காரர், அவரோடு ஒரே பந்தியில் உட்காரக் கூடாது. இத்தகைய சூழலில் பல ஆண்டுகள் வாழ்ந்தவருக்கு வெளியே வந்த பிறகு ஏற்படும் சிக்கல் கடவுளைப் பற்றியது என்று பலரும் நினைக்கிறார்கள். என் அனுபவத்தில் அது அதைவிடச் சாதாரணமானது. துணிக்கடையில் ஒரு சேலையை எடுத்துவிட்டு, இதை வாங்கலாமா என்று கேட்க ஆளில்லாமல் திகைத்து நிற்பேன். வாடகைக்குப் பார்த்த வீடு பிடித்திருந்தும், பிடித்திருக்கிறது என்ற அந்த உணர்வை நம்பலாமா என்று தெரியாமல் முன்பணம் கொடுக்கத் தயங்குவேன்.

இந்தத் தயக்கத்தைத்தான் அந்த மையம் காசாக்கிக்கொள்கிறது. ‘மத அதிர்ச்சியிலிருந்து முழு மீட்பு’ என்று இன்ஸ்டாகிராமில் வந்த விளம்பரம் 12 வாரத் திட்டம் ஒன்றைச் சொன்னது. கட்டணம் 48,000 ரூபாய், முழுவதையும் முன்கூட்டியே கட்ட வேண்டும். தொடக்க அமர்வுகள் உண்மையிலேயே ஆறுதலாக இருந்தன என்பதை மறைக்க விரும்பவில்லை. நடந்ததை நடந்தபடி ஒருவர் கேட்டுக்கொண்டதும், “இதில் உங்கள் தவறு எதுவும் இல்லை” என்று சொன்னதும் எனக்குப் பெரிய நிம்மதியைக் கொடுத்தன. அந்த நிம்மதிக்குப் பிறகு வந்த நிபந்தனைகள்தான் இந்தப் பதிவுக்குக் காரணம்.

தினமும் இரவில் அன்று எடுத்த முடிவுகளையெல்லாம் வாட்ஸ்அப் குழுவில் எழுத வேண்டும். அவை ‘பழைய நான்’ எடுத்தவையா, ‘புதிய நான்’ எடுத்தவையா என்பதை ஆலோசகர் அறிவிப்பார். ஞாயிற்றுக்கிழமைகளில் ஜூம் வழியாக ‘திறந்து பேசும் அமர்வு’ நடக்கும். அதில் தனிப்பட்ட வாழ்க்கையின் மிக அந்தரங்கமான செய்திகளைக்கூட மற்றவர்கள் முன்னிலையில் சொல்லவைத்துப் பதிவும் செய்தார்கள். சபையில் இன்னும் இருக்கும் என் அம்மாவோடு தொலைபேசியில் பேசக் கூடாது என்றார்கள். தூக்கமின்மைக்காக மனநல மருத்துவர் ஒருவர் எழுதிக்கொடுத்த மாத்திரையை நிறுத்தச் சொன்னார்கள். சபையில் அதற்குச் சொன்ன காரணம் விசுவாசம், இங்கே சொன்ன காரணம் இயற்கையான குணமாதல். சமையல் செய்யும்போது பாட்டி பாடிய கீர்த்தனை ஒன்றை முணுமுணுப்பது என் வழக்கம் என்று சொன்னதற்கு, அது நோய் திரும்பிவிட்டதற்கான அறிகுறி என்று குழுவில் எல்லோருக்கும் விளக்கினார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, அவர்களுடைய முறையைப் பற்றி நான் கேள்வி கேட்டபோதெல்லாம் “இது நீங்கள் பேசவில்லை, உங்களுக்கு நடந்த மூளைச்சலவை பேசுகிறது” என்ற ஒரே பதில்தான் வந்தது. பிசாசு இருந்த இடத்தில் மூளைச்சலவை வந்து உட்கார்ந்துகொண்டது. என் சந்தேகம் என்னுடையது அல்ல என்ற பாடம் மட்டும் அப்படியே இருந்தது.

கடவுளை மறுக்கும் ஓர் இடத்தில் இது எப்படி நடக்கும் என்று கேட்பவர்களுக்கு ஒரு செய்தி. கட்டுப்பாட்டுக் குழுக்களை அடையாளம் காண இன்று பரவலாகப் பயன்படும் எட்டு அளவுகோல்களை 1961இல் வகுத்தவர் ராபர்ட் ஜே லிஃப்டன் என்ற அமெரிக்க மனநல மருத்துவர். 1950களில், மக்களின் எண்ணங்களை மாற்றச் சீனக் கம்யூனிஸ்ட் அரசு நடத்திய ‘சிந்தனைச் சீர்திருத்த’த்துக்கு உட்பட்டு வெளியேறியவர்களை ஹாங்காங்கில் சந்தித்துப் பேசியதிலிருந்து அவர் அவற்றை வகுத்தார். அதாவது, அந்த அளவுகோல்கள் பிறந்ததே மதம் சாராத அரசியல் திட்டம் ஒன்றை ஆராய்ந்ததில்தான். வெளித்தொடர்பைக் கட்டுப்படுத்துதல், ஓயாமல் ஒப்புக்கொள்ளவைத்தல், குழுவுக்கென்று தனிச் சொற்களை உருவாக்குதல், ஒருவரின் நேரடி அனுபவத்தைவிடக் கோட்பாட்டை உயர்த்திப்பிடித்தல் ஆகியவை அந்த எட்டில் அடங்கும். மையத்தின் முதல் வகுப்பிலேயே லிஃப்டனின் பட்டியலைத் திரையில் காட்டி, நாங்கள் விட்டுவந்த குழுக்களுக்கு மதிப்பெண் போடச் சொன்னார்கள். அதே பட்டியலை அந்த மையத்துக்கும் பொருத்திப் பார்க்கலாமா என்று நான் பிறகு கேட்டதை யாரும் ரசிக்கவில்லை.

திட்டம் முடியும் முன்பே ‘பயிற்சியாளர் நிலை’ என்ற அடுத்த கட்டத்துக்கு 1,10,000 ரூபாய் கேட்டார்கள். இன்னொருவரைச் சேர்த்துவிட்டால் தள்ளுபடி உண்டாம். நான் விலகுவதாகவும், நடக்காத அமர்வுகளுக்கான தொகையைத் திருப்பித் தருமாறும் கேட்டபோது, பணம் தர முடியாது என்பதோடு, என் அமர்வுப் பதிவுகள் தங்களிடம் ‘பத்திரமாக’ இருப்பதாகவும் பதில் வந்தது. அந்தச் சொல் எந்த நோக்கத்தில் எழுதப்பட்டது என்பதை வாசிப்பவர்களே தீர்மானிக்கலாம்.

சேர்வதற்கு முன் எவரும் சரிபார்க்கக்கூடிய சில விவரங்கள் உள்ளன. இந்தியாவில் மருத்துவ உளவியலாளராகப் பணியாற்றுபவர் 1992ஆம் ஆண்டுச் சட்டப்படி இந்திய மறுவாழ்வுக் குழுமத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். அந்தப் பதிவு எண்ணைக் கேட்டு இணையத்தில் சரிபார்க்கலாம். மனநல மருத்துவர் என்றால் மருத்துவக் கவுன்சில் பதிவு எண் இருக்கும். ‘கோச்’, ‘ஹீலர்’ போன்ற பட்டங்களுக்கு இத்தகைய பதிவு எதுவும் கிடையாது. நான் எண்ணைக் கேட்டபோது, கண்ணாடிச் சட்டத்தில் மாட்டிய ஓர் இணையவழிப் படிப்புச் சான்றிதழைச் சுட்டிக்காட்டி, அரசுப் பதிவு என்பதே பழைய அதிகார மனநிலை என்றார்கள். பதிவு இருந்துவிட்டால் எல்லாம் சரியாக இருக்கும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் பதிவு பெற்றவர் மீது புகார் கொடுக்க ஓர் இடமாவது இருக்கும்.

சரியான உதவி எப்படி இருக்கும் என்பது அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போன பிறகுதான் எனக்குத் தெரிந்தது. வெளிநோயாளர் சீட்டுக்கு வரிசையில் நின்றேன், நீண்ட நேரம் காத்திருந்தேன், அறையில் மின்விசிறி சத்தம் போட்டது. விளம்பரத்தில் காட்டும் அழகு எதுவும் அங்கே இல்லை. ஆனால் அங்கிருந்த உளவியலாளர், என் அம்மாவோடு பேசுவதா, ஜெபம் செய்வதா, கீர்த்தனை பாடுவதா என்ற கேள்விகள் எதற்கும் பதில் சொல்லவில்லை, “உங்களுக்கு எப்படித் தோன்றுகிறது?” என்று கேட்டுவிட்டு நான் பதில் சொல்லும்வரை காத்திருந்தார். முதலில் அது எரிச்சலாகக்கூட இருந்தது, உத்தரவு கிடைக்காத எரிச்சல். சின்னச் சின்ன முடிவுகளை யாரிடமும் கேட்காமல் எடுத்து, எடுப்பதற்கு முன் என்ன நடக்கும் என்று நினைத்தேன் என்பதையும் பிறகு என்ன நடந்தது என்பதையும் ஒரு நோட்டில் எழுதச் சொன்னார். அந்த நோட்டை அவர் வாங்கிப் பார்த்ததே இல்லை. என் கணிப்புகளில் பல சரியாகவே இருந்தன என்பதை நானே படித்துத் தெரிந்துகொண்டேன். தவறிய இடங்களிலும், பயமுறுத்தப்பட்ட அளவுக்குக் கேடு எதுவும் வரவில்லை. மாத்திரையை எப்போது குறைக்கலாம் என்பதை மருத்துவர் காரணத்தோடு விளக்கினார். வேறு மருத்துவரிடம் கருத்துக் கேட்கலாமா என்றபோது, தாராளமாகக் கேளுங்கள் என்று மருத்துவக் குறிப்பின் நகலையும் கொடுத்தார். நேரில் போக முடியாதவர்கள் அரசின் டெலி மானஸ் உதவி எண்ணான 14416ஐ இலவசமாக அழைத்துத் தமிழில் பேசலாம்.

ஏற்கெனவே பணம் கட்டிவிட்டவர்கள் பணம் அனுப்பிய விவரம், விளம்பரத்தின் திரைப்பிடிப்பு, வாட்ஸ்அப் உரையாடல் ஆகியவற்றைக் குழுவிலிருந்து விலகுவதற்கு முன்பே சேமித்துவிடுங்கள். நீக்கப்பட்ட பிறகு பல செய்திகள் கிடைக்காமல் போகின்றன. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுகளுக்குள் மனு கொடுக்க வேண்டும். கட்டிய தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் மனுக் கட்டணம் இல்லை, வழக்கறிஞர் இல்லாமல் நீங்களே வாதிடவும் செய்யலாம். அமர்வுப் பதிவுகளை வெளியிடுவதாக மிரட்டினால் அது நுகர்வோர் ஆணையத்தோடு முடியும் விஷயமல்ல. சைபர் குற்றப் பிரிவில் தனியாகப் புகார் கொடுங்கள். நான் வழக்கறிஞர் அறிவிப்பு அனுப்பிய பிறகு, நடக்காத அமர்வுகளுக்கான தொகையில் ஒரு பகுதியை மையம் திருப்பித் தந்தது. பதிவுகளை அழித்துவிட்டதாக ஒரு கடிதமும் வந்தது. அழித்தார்களா என்பதை உறுதிசெய்ய எனக்கு வழியில்லை. அந்தக் கடிதத்தையும் மனுவோடு சேர்த்திருக்கிறேன்.