தேக்கு மினுங்கிய பாவித்த ட்ரோலர்: பார்த்தோம், தட்டினோம், விட்டுவந்தோம்

ட்ரோலர் ஒன்று வாங்கப் போகிறோம் என்று வெள்ளவத்தை வீட்டில் சொன்னதும் அம்மா முதலில் கேட்டது, "அதைத்தானே தடை செய்திட்டாங்கள்?" அவவில் பிழையில்லை. எங்கட ஆக்களுக்கு ட்ரோலர் என்றால் பாக்கு நீரிணையில் மடி இழுக்கிற படகுதான், அந்த இழுவைமடியை 2017-ல் சட்டம் போட்டே நிறுத்தினார்கள். நான் சொல்வது ட்ரோலர் யாட். மீன்பிடிப் படகின் கனத்த உடம்பு, ஆனால் வலை இல்லை, ஐஸ் அறை இல்லை. அந்த இடத்தில் குசினி, படுக்கை, கழிவறை. மெதுவாகப் போகும், டீசலை அளவாகக் குடிக்கும், இரண்டு பேர் மாதக்கணக்கில் உள்ளேயே இருக்கலாம். நோர்வேயில் முப்பது வருஷம் இருந்துவிட்டுக் கொழும்புக்குத் திரும்பி வந்த அத்தானுக்கு இதுதான் கனவு. எனக்கு ஜெனரேட்டர் திருத்துகிற தொழில், டீசல் எஞ்சின் தெரியும், படகு தெரியாது. அத்தானுக்குக் கடல் தெரியும், எஞ்சின் தெரியாது. இரண்டு பேரும் சேர்ந்தால் ஒரு முழு ஆள் என்று நினைத்துப் போனோம், அது எவ்வளவு பிழை என்று போன இடத்தில்தான் தெரிந்தது.

படகு கொழும்புக்குக் கொஞ்சம் வடக்கே கட்டிக் கிடந்தது. 36 அடி, பைபர் உடம்பு, 80-களின் தொடக்கத்தில் தைவானில் கட்டியது, ஒற்றை எஞ்சின். விற்பவர் வாயைத் திறந்தால் "கிராண்ட் பேங்க்ஸ் மாதிரியேதான் சேர்" என்பார். மாதிரிதான், அது அல்ல. கிராண்ட் பேங்க்ஸ் என்பது ட்ரோலர் யாட்டில் பேர்போன ஒரு பெயர், ஹொங்கொங்கில் தொடங்கிப் பிறகு சிங்கப்பூரில் கட்டிய படகு. 1973 வரை மரத்தில் கட்டினார்கள், அதற்குப் பிறகுதான் பைபருக்கு மாறினார்கள். அந்த வடிவத்தைப் பார்த்து தைவானில் பல பட்டறைகள் கட்டின, சிலது திறம், சிலது சுமார். ஒரே பட்டறையில் ஒரே வருஷம் இறங்கிய இரண்டு படகே ஒன்றுபோல இருக்காது. அதனால் பெயரைக் கேட்டு விலை பேசாதீர்கள், முன்னால் நிற்கிற படகைப் பாருங்கள்.

சரி, தேக்குக்கு வருகிறேன். மேல்தளம் முழுக்கத் தேக்குப் பலகை, கைப்பிடியிலிருந்து கதவுவரை வார்னிஷ் அடித்து மினுங்குது. வீட்டுக்கு முன்கதவு தேக்கில் போட்டால் ஊரெல்லாம் சொல்லித் திரிகிற சனம் நாங்கள், அத்தான் செருப்பைக் கழற்றிவிட்டு அதில் நடந்த விதத்தைப் பார்த்ததுமே விலை ஏறிவிட்டது என்று எனக்கு விளங்கிவிட்டது. உண்மையில் பாவித்த ட்ரோலரில் முதலில் பயப்பட வேண்டியது அந்தத் தேக்குக்குத்தான். அந்தக் காலத்தில் பலகையைப் பைபருக்குமேல் ஸ்க்ரூ போட்டு இறுக்கினார்கள், ஒன்று இரண்டல்ல, ஆயிரத்துக்கு மேல். ஒவ்வொரு ஸ்க்ரூவும் தளத்தில் ஒரு ஓட்டை. தளம் முழுக் கெட்டிப் பைபரும் இல்லை, மேலே ஒரு பைபர், கீழே ஒரு பைபர், நடுவில் மரம். பலகைக்கு நடுவே உள்ள கறுப்பு ரப்பர் விட்டதென்றால் மழைத்தண்ணி ஸ்க்ரூ வழியே இறங்கி நடுமரத்தை உக்க வைக்கும். மேலே இருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. படகில் நின்ற பெடியனிடம் ஒரு வாளி தண்ணி ஊற்றச் சொன்னேன். பத்து நிமிஷ வெயிலில் பலகை காய்ந்தது, ஆனால் முன்பக்கம் நாலைந்து வரி மட்டும் ஈரமாகவே கிடந்தது, சில ஸ்க்ரூவைச் சுற்றி இரண்டு சதக் குற்றி அளவில் கறுப்பு வட்டம். விற்பவர் அதைப் பார்த்து "பழைய தேக்கு அப்படித்தான் சேர், எண்ணெய் கக்கும்" என்றார்.

அப்புறம் எஞ்சின், என்னுடைய பக்கம். ஃபோர்ட் லேமன் 120, ஆறு சிலிண்டர், இங்கிலாந்து ஃபோர்டின் லொறி வகை எஞ்சினைக் கடலுக்கு ஏற்ற மாதிரி மாற்றியது. டேர்போ இல்லை, எலெக்ட்ரோனிக் இல்லை, 2500 ஆர்பிஎம்-இல், அதாவது நிமிஷத்துக்கு 2500 சுற்றில், 120 குதிரைவலு. இதுபோல் எளிமையான எஞ்சின் இப்போது யாரும் செய்வதில்லை, கவனித்தால் நம்மை விடக் கூடக் காலம் ஓடும். கவனித்தார்களா என்று அறிய ஒரே ஒரு கேள்வி போதும்: இன்ஜெக்டர் பம்புக்குக் கடைசியாக எப்போது எண்ணெய் மாற்றினீர்கள்? சிலிண்டருக்கு டீசல் அடிக்கிற பம்ப் அது, இந்த எஞ்சினில் அதற்குத் தனி எண்ணெய், எஞ்சின் எண்ணெயோடு சேராது. கொஞ்சம்தான் பிடிக்கும், ஆனால் அதில் டீசல் கசிந்து கலப்பதால் ஐம்பது மணித்தியாலத்துக்கு ஒருக்கால் மாற்ற வேண்டும். விற்பவர் "ஒயில் எல்லாம் ஒன்றாகத்தான் சேர் மாற்றினது" என்றார். அந்த இடத்திலேயே மனசுக்குள் ஒரு பெரிய தொகையைக் கழித்துவிட்டேன்.

காலை ஏழு மணிக்குப் போனோம், எஞ்சினில் கை வைத்தேன், சூடு. நாங்கள் வரமுதலே ஓட்டி வைத்திருக்கிறார்கள். ஜெனரேட்டர் விற்கிறவர்கள் செய்கிற அதே விளையாட்டு. பச்சைக் குளிரில் ஸ்டார்ட் பண்ணும்போதுதான் எஞ்சின் உண்மை சொல்லும்: நீலப் புகை நிற்காமல் வந்தால் எண்ணெய் எரியுது, கறுப்பு என்றால் சுமை கூட அல்லது காற்றுப் போதாது, வெள்ளை கொஞ்ச நேரத்தில் போய்விட்டால் பரவாயில்லை, போகாவிட்டால் யோசிக்க வேண்டும். "இன்றைக்கு வேண்டாம், இன்னொரு நாள் குளிராக வையுங்கோ" என்று சொல்லிவிட்டு வந்தோம்.

இரண்டாவது தடவை ஒரு சர்வேயரை, அதாவது வாங்கமுதல் படகைச் சோதித்துச் சொல்கிற ஆளை, கூட்டிப் போனோம், இந்த விமர்சனத்தில் ஐந்துக்கு ஐந்து வாங்குகிறவர் அவர்தான். விற்பவர் "எங்கட ஆள் ஒருத்தர் இருக்கிறார்" என்று சொன்னதை மரியாதையாகத் தள்ளிவிட்டு நாங்களே தேடிப் பிடித்த ஓய்வுபெற்ற கப்பல் எஞ்சினியர். படகின் நீளத்துக்கு அடிக்கணக்கில் காசு கேட்டார், கொடுத்தோம். முதலில் படகைக் கரையேற்றச் சொன்னார், பலநாள் மீன்பிடிக் கலங்கள் ஏற்றுகிற இடத்தில் ஏற்றினோம், அதற்கும் காசு. தண்ணியை விட்டு ஏறின உடனேயே கீழே பார்க்க வேண்டுமாம், பைபரில் வந்த கொப்பளம் காயக் காய வற்றி மறைந்துவிடும். இரண்டு மூன்று கொப்பளம் இருந்தது, அதை அவர் பெரிதாக எடுக்கவில்லை. பிறகு ஒரு பிளாஸ்டிக் சுத்தியலோடு மேலே ஏறினார். சந்தையில் பலாப்பழம் தட்டிப் பார்க்கிற மாதிரித்தான், குனிந்து, காது கொடுத்து, ஒரு அடிக்கு ஒரு தட்டு. டக், டக், டக், முன்பக்கம் போனதும் பொத், பொத். எங்களிடம் ஒன்றும் சொல்லவில்லை, சுத்தியலை அத்தானின் கையில் கொடுத்து "ஐயா, நீங்களே ஒருக்கால் தட்டுங்க" என்றார். அத்தான் தட்டினார், திரும்பவும் தட்டினார், பிறகு அந்தத் தேக்கில் நடக்கவே இல்லை. உள்ளே ஜன்னலுக்குக் கீழே புதுப் பெயின்ட் அடித்த இடத்தை நான் விரலால் அமத்தினேன், நகம் வரை உள்ளே போனது.

டாங்கிகளும் அதே கதை. இரண்டு பக்கமும் இரும்பு டாங்கி, மேல்தளத்தில் டீசல் ஊற்றுகிற வாய் கசிந்து தண்ணி டாங்கியின் தலையில் தேங்கி, மேலிருந்தே துரு தின்னுது. மாற்றுவதென்றால் எஞ்சினைத் தூக்கித்தான் டாங்கியை வெளியே எடுக்கலாம். அடியில் கசண்டு வேறு. 2022-ல் வரிசையில் நின்று வாங்கிய டீசலைப் பீப்பாயில் அடைத்து வைத்து, அது கறுத்துச் சளிபோல ஆனபிறகு ஜெனரேட்டருக்கு ஊற்றிவிட்டு என்னைக் கூப்பிட்டவர்கள் எத்தனை பேர்! டீசலுக்கு அடியில் தண்ணி நின்றால் கிருமி வளரும், படகு ஓடாமல் கட்டிக் கிடந்தால் அதுதான் நடக்கும்.

கடலில் ஓட்டியும் பார்த்தோம், நியாயமாக நல்லதையும் சொல்ல வேண்டும். ஏழு நொட்டில், அதாவது மணிக்கு ஏழு கடல்மைலில், எஞ்சின் பாட்டுப்போல ஓடியது, அந்த வேகத்தில் மணிக்கு ஏழெட்டு லீட்டர்தான் குடிக்கும். அதற்குமேல் ஆசைப்படக் கூடாது. இந்த வகை உடம்புக்குத் தண்ணியில் கிடக்கிற நீளம்தான் வேகத்தைத் தீர்மானிக்கும், 36 அடி தண்ணியில் கிடந்தால் அதன் வர்க்கமூலம் 6, அதை 1.34-ஆல் பெருக்கினால் எட்டு நொட். எட்டுக்கு மேல் தள்ளினால் பின்பக்கம் குந்தும், புகை வரும், டீசல் போகும், படகு போகாது. காலிக்குப் போகவே கிட்டத்தட்டப் பத்து மணித்தியாலம். உருளலும் உண்டு. நாங்கள் ஓட்டியது பெப்ரவரியில், கடல் எண்ணெய் மாதிரி. மே மாதத் தென்மேற்குக் கடலில் இதே படகில் தேத்தண்ணிக் கோப்பை மேசையில் நிற்காது. முழு வேகம் கொடுத்தபோது எஞ்சின் 2500 ஆர்பிஎம்-க்குப் பதிலாக 2250-இலேயே நின்றுவிட்டது, அடியைக் கழுவின பிறகும். ப்ரொபெல்லர் எஞ்சினுக்குப் பெரிது, அல்லது எஞ்சின் களைத்துவிட்டது.

இந்த வகைப் படகுக்கு என்னிடம் ஐந்துக்கு நாலு. இந்தக் குறிப்பிட்ட படகுக்கு ஒன்றரை, அதுவும் லேமனுக்காக.

இரண்டு கிழமை கழித்து விற்பவர் போன் எடுத்து விலையைக் குறைக்கலாம் என்றார். முன்தளத்தில் அடியிலிருந்து ஒரு சின்னத் துளை போட்டு நடுமரத்தைப் பார்க்க விடுவீர்களா என்று அத்தான் கேட்டார். யோசித்துச் சொல்கிறேன் என்றவர் இன்னும் யோசிக்கிறார். அத்தான் இப்போது நீர்கொழும்பில் இன்னொன்று பிடித்திருக்கிறார், வெறும் பைபர் தளம், வெள்ளைப் பெயின்ட், பார்க்க ஒரு அழகும் இல்லை. நாளைக்கு ஆறு மணிக்குப் போகிறோம். எஞ்சினைத் தொடவேண்டாம் என்று நேற்றே சொல்லியாயிற்று.