ஐந்தடுக்கு என்று விற்கப்பட்ட பாத்திரமும், அதற்காகக் கெடுக்கப்பட்ட கேஸ் அடுப்பும்

கேஸ் அடுப்புக்கென்று புதிதாகப் பாத்திரத் தொகுப்பு வாங்க எண்ணுபவர்கள் பணம் கொடுப்பதற்கு முன் இதைப் படித்துவிட வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன். "ஐந்தடுக்கு, நல்ல அடிக்கனம், எரிவாயு பாதி மிச்சமாகும்" என்ற உறுதியுடன் எனக்கு விற்கப்பட்ட தொகுப்பில், அந்த ஐந்து உலோக அடுக்குகளும் அடியில் ஒட்டப்பட்ட வட்டத் தட்டில் மட்டுமே இருந்தன. பக்கங்கள் முழுவதும் ஒற்றை எவர்சில்வர் தகடுதான்.

எவர்சில்வர் வெப்பத்தை மிக மந்தமாகக் கடத்தும் உலோகம். அலுமினியம் அதைவிடப் பத்து மடங்குக்கும் மேலாகவும், செம்பு இருபது மடங்குக்கும் மேலாகவும் கடத்துகின்றன. ஆகவேதான் உண்மையான பல அடுக்குப் பாத்திரத்தில் இரண்டு எவர்சில்வர் தகடுகளுக்கு நடுவே அலுமினியத்தை வைத்து, அடியிலிருந்து விளிம்புவரை ஒரே தகடாக அழுத்தி உருவாக்குகிறார்கள். கடையில் எனக்குச் செய்துகாட்டியது மின்சாரத் தட்டடுப்பின் மேல். அங்கே சூடு அடிப்பரப்பில் மட்டும் படுவதால், அடியில் ஒட்டிய தட்டே போதுமானதாக இருந்தது. கேஸ் அடுப்பின் சுடரோ அடியைத் தொட்டபின் வெளிப்புறமாகப் படர்ந்து, பக்கங்களைத் தழுவிக்கொண்டு மேலேறும். ஒட்டிய தட்டு பாத்திரத்தின் அடியைவிடச் சிறியதாகவும் இருந்ததால், தட்டுக்கு வெளியே நின்ற மெல்லிய தகட்டில் சுடர் நேராகப் பட்டு, நடுப்பகுதி வேகுமுன்னரே சுற்றிலும் வளையமாகத் தீய்ந்துபோயிற்று.

தரத்துக்குச் சான்றாக விற்பனையாளர் காட்டியது ஒரு காந்தம். அடியில் காந்தம் ஒட்டினால் அந்தப் பாத்திரம் இண்டக்ஷன் அடுப்பில் சூடாகும் என்பதற்கு மேல் அதில் எதுவும் இல்லை. கேஸ் அடுப்புக்கு அதனால் எள்ளளவும் பயன் கிடையாது. 18 சதவீதம் குரோமியமும் 10 சதவீதம் நிக்கலும் கலந்த உயர்ந்த எவர்சில்வரில் காந்தம் பெரும்பாலும் ஒட்டுவதே இல்லை. நான்ஸ்டிக் சட்டியை முதலில் வெறுமனே பெருந்தீயில் வைத்துப் "பழக்கும்படி" அவர் சொன்னது இதைவிட மோசம்: டெஃப்லான் பூச்சு ஏறத்தாழ 260 டிகிரி செல்சியசுக்கு மேல் சிதையத் தொடங்கும், காலிச் சட்டி பெருந்தீயில் சில நிமிடங்களிலேயே அந்தச் சூட்டை எட்டிவிடும், அப்போது எழும் புகை வீட்டில் வளரும் பறவைகளைக் கொல்லக்கூடியது.

புகார் செய்தபோது, குறை பாத்திரத்தில் இல்லை, உங்கள் அடுப்பின் தீ போதவில்லை என்று கூறி, அவர்களே ஒரு மெக்கானிக்கை அனுப்பினார்கள். வந்தவர் பர்னருக்குள் எரிவாயுவைப் பாய்ச்சும் சிறு துளையுள்ள ஜெட்டைக் கழற்றி, அதன் துளையை ஊசியால் குடைந்து பெரிதாக்கிவிட்டுப் போனார். இதுதான் எனக்கு மிகுந்த கோபத்தை மூட்டியது. சிலிண்டர் எரிவாயுவில் இயங்கும் வீட்டு அடுப்பின் ஜெட் துளை பொதுவாக ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவானது, 0.7 மில்லிமீட்டர் துளை 0.8 ஆனாலே வெளிவரும் எரிவாயு ஏறத்தாழ 30 சதவீதம் கூடிவிடும், ஆனால் அதனுடன் இழுக்கப்படும் காற்று அதே அளவுக்குக் கூடாது. காற்றுப் போதாமல் நீலச் சுடர் மஞ்சளாயிற்று, பாத்திரங்களின் அடியெல்லாம் கரி பிடித்தது. அவ்வாறு அரைகுறையாக எரியும்போது நிறமும் மணமும் இல்லாத கார்பன் மோனாக்சைடு உண்டாகிறது என்பதால், கரியைத் துடைத்துவிட்டுச் சமாளிக்கக்கூடிய விஷயமல்ல இது. அடுப்புத் தயாரிப்பாளரின் சேவைப் பிரிவைக் கொண்டு அந்த மாதிரிக்குரிய அசல் ஜெட்டை மாற்றிய பிறகே சுடர் மறுபடி நீலமாயிற்று.

வாங்கும்போது பாத்திரத்தைக் கவிழ்த்துப் பாருங்கள். அடியின் ஓரத்தில் படிபோல ஒரு விளிம்புக்கோடு தெரிந்தால் அது ஒட்டிய தட்டு. அந்தத் தட்டு அடி முழுவதையும் மூடியிருக்கிறதா என்று கவனியுங்கள். கையில் தூக்கிப் பார்க்கும் கனத்தை நம்ப வேண்டாம், எல்லாக் கனமும் அடியிலேயே இருக்கக்கூடும். வீட்டில் சிறிது நீர் ஊற்றிச் சூடேற்றினால், மோசமான பாத்திரத்தில் குமிழிகள் பர்னரின் வடிவத்திலேயே வளையமாகக் கிளம்பும். எந்தப் பாத்திரமானாலும் சுடர் அடியின் ஓரத்தைத் தாண்டாத அளவுக்குப் பர்னரைத் தேர்ந்துகொள்வது அவசியம். தாண்டிய தீ கைப்பிடியைத்தான் சுடும்.

தொகுப்பைத் திருப்பி எடுத்துக்கொள்ள அவர்கள் மறுத்துவிட்டார்கள். "பயன்படுத்திய பொருள்" என்பது ஒரு காரணம். ரசீதில் "எவர்சில்வர் பாத்திரத் தொகுப்பு" என்று மட்டுமே இருப்பதால் அடுக்குகளைப் பற்றித் தாங்கள் எதுவும் உறுதியளிக்கவில்லை என்பது மற்றொன்று. ஆகவே "விளிம்புவரை மூன்றடுக்கு" அல்லது "அடியில் மட்டும் ஐந்தடுக்கு" என்று ரசீதிலேயே எழுதித் தரும்படி கேளுங்கள். எழுத மறுக்கும் கடையில் வாங்காதீர்கள்.