ஒரே தொழிலுக்கு ஐந்து டொமைன்கள்: கூகுள் சர்ச் கன்சோல் எங்களுக்குக் காட்டியது

கோயம்புத்தூரில் வெட் கிரைண்டர் தயாரித்து விற்கும் எங்கள் குடும்பத் தொழிலுக்குத் தொடக்கத்தில் ஒரே ஓர் இணையதளம்தான் இருந்தது. தேடலில் முன்னுக்கு வர வேண்டுமானால் டொமைன்களை, அதாவது இணையதள முகவரிப் பெயர்களைப் பெருக்க வேண்டும் என்று ஓர் இணைய விளம்பர நிறுவனம் சொன்னதை நம்பி, ஊர்ப்பெயரும் பொருளின் பெயரும் சேர்ந்த டொமைன் ஒன்று, சென்னைக்கு ஒன்று, பெங்களூருக்கு ஒன்று, எங்கள் பிராண்டுப் பெயரிலேயே .இன் முடிவோடு ஒன்று என மேலும் நான்கை வாங்கினோம். ஐந்து தளங்களிலும் படங்களும் விவரங்களும் ஒன்றே. ஊரின் பெயர் மட்டும் மாறியிருந்தது. அந்த நான்கு டொமைன்களையும் விட்டு வெளியேற எங்களுக்குத் துணைநின்ற, நம் தளம் கூகுள் தேடலில் எப்படித் தெரிகிறது என்பதைக் காட்டும் கூகுள் சர்ச் கன்சோல் என்ற இலவசக் கருவியைப் பற்றியே இங்கு எழுதுகிறேன். இதே நிலையில் உள்ள சிறுதொழில் செய்வோருக்கு இது பயன்பட வேண்டும் என்பது என் விருப்பம்.

சிக்கல் முதலில் தொலைபேசியில்தான் தெரிந்தது. பழைய விலையைச் சொல்லிக் கேட்டு அழைப்புகள் வந்துகொண்டே இருந்தன. விசாரித்தபோது, முதன்மைத் தளத்தில் நாங்கள் திருத்திய விலையை யாரும் பார்க்கவில்லை என்பதும், தேடுவோருக்குச் சென்னைத் தளத்தின் பழைய பக்கமே கிடைக்கிறது என்பதும் தெரியவந்தது. ஏன் அப்படி நேர்கிறது என்பதற்கு விளம்பர நிறுவனத்திடம் தெளிவான பதில் இல்லை. அதன்பிறகுதான் சர்ச் கன்சோலை நானே திறந்து, ஐந்து டொமைன்களையும் ஒவ்வொன்றாகச் சேர்த்தேன்.

2015 வரை வெப்மாஸ்டர் டூல்ஸ் என்ற பெயரில் இருந்த இந்தக் கருவியில், 2019 முதல் ஒரு டொமைனை அதன் சப்டொமைன்கள் (அதன் கீழ் அமையும் துணை முகவரிகள்) அனைத்தோடும் சேர்த்து ஒரே கணக்காகப் பார்க்க முடிகிறது. அதற்கு, டொமைன் எந்தச் சர்வருக்குப் போக வேண்டும் என்பதைக் குறிக்கும் டிஎன்எஸ் பதிவில் ஒரு வரியைச் சேர்த்து, டொமைன் நம்முடையதே என்று உறுதிசெய்ய வேண்டும். எங்கள் முதல் பாடத்தை இந்தப் படியில்தான் கற்றோம். பணம் கட்டியது நாங்கள் என்றாலும், நான்கு டொமைன்களும் டொமைன்களைப் பதிவுசெய்து தரும் பதிவாளரிடம் அந்த விளம்பர நிறுவனம் வைத்திருந்த கணக்கில் இருந்தன. அவற்றை எங்கள் கணக்குக்கு மாற்றி வாங்கவே பல வாரங்கள் ஆயின. டொமைன் வாங்கிக்கொடுக்க யாரை அமர்த்தினாலும், பதிவு உங்கள் பெயரிலும் உங்கள் மின்னஞ்சலிலும் இருப்பதை முதல் நாளே உறுதிசெய்துகொள்ளுங்கள்.

இந்தக் கருவியின் உண்மையான மதிப்பு, ஒரு முகவரியை இட்டு அதன் நிலையை ஆராயும் பகுதியில் இருக்கிறது. எங்கள் முதன்மைத் தளத்தின் இரண்டு லிட்டர் கிரைண்டர் பக்கத்தை அதில் இட்டபோது, மூலப் பக்கமாக நாங்கள் குறிப்பிட்டிருந்தது ஒன்றாகவும் கூகுள் தேர்ந்தெடுத்திருந்தது சென்னை டொமைனின் பக்கமாகவும் இருந்தன. பல மாதக் குழப்பத்துக்கு அந்த இரண்டு வரிகளில் விடை கிடைத்தது. ஒரே உள்ளடக்கம் பல முகவரிகளில் இருந்தால், தேடுபொறி அவற்றை ஒரு கூட்டமாகச் சேர்த்து, அவற்றுள் ஒன்றை மட்டும் மூலமாகக் கொண்டு காட்டுகிறது. இதைத் தண்டனை என்று பலர் தவறாக நினைக்கிறார்கள்; இது வெறும் தேர்வு. ஆனால் எதைக் காட்டுவது என்ற முடிவு நம் கையை விட்டுப் போய்விடுகிறது. பிற தளங்கள் நமக்குக் கொடுக்கும் இணைப்புகளைக் காட்டும் அறிக்கையும் இதே கதையைத்தான் சொன்னது. ஒரு டீலர் ஒரு தளத்துக்கு இணைப்புக் கொடுத்திருந்தார், சமையல் வலைப்பதிவு ஒன்று வேறொன்றுக்குக் கொடுத்திருந்தது. ஒரே தளத்தில் சேர்ந்திருக்க வேண்டிய நற்பெயர் ஐந்தாகச் சிதறிக் கிடந்தது.

எங்களுக்குக் கிடைத்த ஆலோசனை எவ்வளவு பழையது என்பதையும் அப்போதுதான் படித்தறிந்தேன். தேடும் சொற்களையே பெயராகக் கொண்ட டொமைன்களுக்கு ஒரு காலத்தில் தரவரிசையில் ஆதாயம் இருந்தது உண்மை. தரம் குறைந்த அத்தகைய தளங்களின் இடத்தைக் குறைக்கும் மாற்றத்தைக் தேடல் மோசடிகளைத் தடுக்கும் கூகுள் குழுவின் அப்போதைய தலைவர் மேட் கட்ஸ் 2012 செப்டம்பரிலேயே அறிவித்துவிட்டார். ஊருக்கு ஒரு டொமைன் வைத்து எல்லோரையும் ஒரே இடத்துக்குத் தள்ளிவிடுவதைக் தேடலை ஏமாற்றும் உத்திகளைத் தடுக்கும் கூகுளின் ஸ்பேம் கொள்கை 'வாசல் பக்கங்கள்' என்ற வகையில் வெளிப்படையாகவே சேர்க்கிறது. 2006இல் பிஎம்டபிள்யூ நிறுவனத்தின் ஜெர்மன் தளமே இவ்வகைப் பக்கங்களுக்காகத் தேடல் முடிவுகளிலிருந்து சில நாள்கள் நீக்கப்பட்டது. எங்கள் மீது அப்படி எந்த நடவடிக்கையும் இல்லை என்பதைச் சர்ச் கன்சோலின் அதற்கான பகுதியில் பார்த்த பிறகுதான் எனக்கு நிம்மதியாயிற்று.

தளங்களை ஒன்றாக்கும் வேலைக்கு, பழைய முகவரிக்கு வருபவரைத் தானாகவே புதிய முகவரிக்கு அனுப்பும் 301 என்ற நிரந்தரத் திருப்புதலைப் பயன்படுத்தினோம். நான்கு தளங்களின் ஒவ்வொரு பக்கத்தையும் முதன்மைத் தளத்தில் அதற்கு இணையான பக்கத்துக்கே திருப்பினோம். எல்லாவற்றையும் முகப்புப் பக்கத்துக்கு அனுப்பிவிடுவது எளிது என்றாலும், தேடுபொறி அவற்றை இல்லாத பக்கங்களாகவே கருத வாய்ப்புண்டு. தேடி வந்தவரும் திகைத்துத் திரும்பிவிடுவார். பிறகு சர்ச் கன்சோலில் உள்ள முகவரி மாற்றக் கருவியில், ஒரு டொமைன் முடிந்த பிறகு அடுத்தது என்று பதிவுசெய்தோம். பழைய தளமும் புதிய தளமும் ஒரே கூகுள் கணக்கின் உரிமையில் இருக்க வேண்டும். சில பக்கங்களின் திருப்புதல் சரியாக இருக்கிறதா என்று அந்தக் கருவியே சோதித்துப் பார்க்கிறது. இந்தச் சோதனையில் எங்கள் பிழை ஒன்று உடனே அகப்பட்டது. மாற்றத்துக்கான அறிவிப்பு 180 நாள்கள் நடப்பில் இருக்கும். திருப்புதலைக் குறைந்தது ஓராண்டாவது வைத்திருக்க வேண்டும் என்பது கூகுளின் அறிவுரை. கூகுள் மேப்பில் உள்ள எங்கள் கடைப் பதிவிலும் முதன்மைத் தளத்தின் இணைய முகவரியையே மாற்றிக் கொடுத்தோம்.

கருவியில் குறைகளும் உண்டு. ஐந்து டொமைன்களின் கணக்கையும் ஒரே திரையில் ஒப்பிட வழியில்லை. ஒவ்வொன்றையும் தனித்தனியாக இறக்கி, விரிதாளில் நான்தான் சேர்த்துப் பார்க்க வேண்டியிருந்தது. தேடுசொற்களின் பட்டியல் திரையில் 1,000 வரிகளோடு நின்றுவிடுகிறது. 16 மாதங்களுக்கு முந்தைய கணக்கு கிடைப்பதில்லை. ஆகவே பழைய தளங்களின் எண்களை முன்கூட்டியே சேமித்துவைக்காதவர் பின்னால் வருந்துவார். அறிக்கைகளின் சொற்களும் தொழில்நுட்பம் அறியாத ஒரு கடைக்காரருக்கு எளிதில் புரிவதில்லை, எனவே கற்பதற்குப் பொறுமை வேண்டும்.

பல டொமைன்கள் எப்போதும் தவறு என்று நான் சொல்ல வரவில்லை. அமேசானுக்கு இந்தியாவில் ஒரு முகவரி, அமெரிக்காவில் ஒரு முகவரி என்றிருப்பதற்குக் காரணம் உண்டு. விலை, நாணயம், விற்கும் பொருள் எல்லாமே அங்கே வேறு. பெயரைப் பிழையாகத் தட்டச்சு செய்வோருக்காகவும், பிறர் வாங்கிவிடாமல் காப்பதற்காகவும் ஒன்றிரண்டு டொமைன்களை வாங்கி முதன்மைத் தளத்துக்குத் திருப்பிவைப்பதும் நியாயமானதே. தமிழில் பெயர் வைக்க விரும்புவோருக்கு .இந்தியா, .இலங்கை, .சிங்கப்பூர் என்ற முடிவுகளே இருக்கின்றன. எனக்கு அதில் தனி ஆசையும் உண்டு. ஆனால் அங்கேயும் தளம் ஒன்றாகவே இருக்க வேண்டும். கூகுளே தன் தேடல் பக்கத்துக்கு நாடுவாரியாக வைத்திருந்த முகவரிகளைக் கூகுள்.காம் என்ற ஒரே முகவரிக்குத் திருப்பப்போவதாக 2025 ஏப்ரலில் அறிவித்தது.

எங்கள் கிரைண்டர் பக்கத்தை இப்போது ஆராய்ந்து பார்த்தால், நாங்கள் குறிப்பிட்ட முகவரியும் கூகுள் தேர்ந்தெடுத்த முகவரியும் ஒன்றாக இருக்கின்றன. பழைய விலை கேட்டு வரும் அழைப்புகள் நின்றுவிட்டன. ஆனாலும் நான்கு டொமைன்களையும் ஆண்டுதோறும் புதுப்பித்துக்கொண்டுதான் இருக்கிறோம். காலாவதியான டொமைன்களை வாங்கி, அவற்றின் பழைய நற்பெயரைக் கொண்டு தரமற்ற பக்கங்களை ஏற்றுவோர் இருக்கிறார்கள். 2024இல் கூகுள் அதையும் ஸ்பேம் கொள்கையில் தனியாகச் சேர்த்தது. எங்கள் பெங்களூர் டொமைனோ இரண்டு ஆண்டுகளாக அட்டைப்பெட்டிகளில் அச்சாகி, பலருடைய வீட்டுப் பரணில் இருக்கிறது. உதிரிக் கல்லோ பெல்ட்டோ வேண்டி அதைப் பார்த்து ஒருவர் தட்டச்சு செய்யும்போது, அவர் எங்களிடமே வந்து சேர வேண்டும்.