பரவொட்சைட்டுப் போட்ட சிலிக்கன்: வெளிச்சம் நிற்கிறது, பச்சை நிற்கவில்லை

சம்மாந்துறையிலிருந்து தம்பி ஒருவர் கேட்டிருந்தார்: "அண்ணா, நுண்துளைச் சிலிக்கனுக்குப் பரவொட்சைட்டுப் போட்டா வெளிச்சம் உண்மையாவே நிக்குமா?" நிற்கும். அதில் எனக்குச் சண்டை இல்லை, சண்டை வேறு இடத்தில். (புதிதாக வருகிறவர்களுக்கு: நுண்துளைச் சிலிக்கன் என்றால் அமிலத்தில் அரித்து மிக நுண்ணிய துளைகள் போட்ட சிலிக்கன் துண்டு, கழியூதா விளக்கைப் பிடித்தால் ஒளிரும். பரவொட்சைட்டு என்று நான் சொல்வது ஐதரசன் பரவொட்சைட்டின் நீர்க்கரைசலை.)

அமிலத்தில் அரித்து எடுத்த புதுத் துண்டில் துளைச்சுவர் முழுக்க ஐதரசன்தான் பிடித்திருக்கும். கல்லடிக் கடற்காற்றில் அது அங்குமிங்குமாகக் கழன்றுபோக, பிணைப்பில்லாமல் நிற்கும் சிலிக்கன் அணுக்கள் ஒளியைத் தின்றுவிடும். இதைவிடக் கொடுமை, காற்றில் வைத்துக் கழியூதா விளக்கைப் பிடித்தால் அந்த வெளிச்சமே துண்டைக் கெடுக்கிறது. பிள்ளைகள் வரிசையில் வந்து பார்த்தால் கடைசியில் நிற்கிறவருக்கு மங்கல்தான் மிச்சம்.

பரவொட்சைட்டுப் போட்டபிறகு அந்தக் கவலை இல்லை. சுவரில் ஒழுங்கான ஒட்சைட்டுத் தோல் வந்துவிடுகிறது. நீர் தனியாகத் துளைக்குள் இறங்காது, புதுத் துண்டு தண்ணீரை ஒட்டவிடாது. அதனால் பரவொட்சைட்டோடு எதனோல் கலந்தே ஆகவேண்டும். கடைசிக் கழுவலும் எதனோலில்தான். வெறும் தண்ணீரோடு காயவிட்டால் துளைச்சுவர்கள் இழுபட்டுப் படலம் பொருக்குப் பொருக்காக உரியும். (அரிக்கிற ஐதரோபுளோரிக் அமிலத்தைப் பற்றி ஒன்றே ஒன்று: அமிலம் தோலில் பட்டால் பூசும் கல்சியம் குளுக்கோனேற் ஜெல் பக்கத்தில் இல்லாவிட்டால் போத்தலைத் தொடவே வேண்டாம்.) மாரி ஈரம் கடந்தும் என் பழைய துண்டுகள் செம்மஞ்சளாக எரிகின்றன. இந்த விலைக்கு இது பெரிய விஷயம்.

ஆனால் செம்மஞ்சள்! எனக்கு வேண்டியது பச்சை.

1990 இல் கேனம் என்ற ஆய்வாளர் நுண்துளைச் சிலிக்கனில் சாதாரண அறை வெப்பநிலையில் சிவப்பொளியைக் காட்டியதிலிருந்து எல்லாருக்கும் தெரிந்த கதைதான்: துளைகளுக்கு நடுவே மிஞ்சும் சிலிக்கன் இழை மெலிய மெலிய ஒளி நீலப்பக்கம் நகரும். நானும் மெலியவைத்தேன். அமிலத்துக்குள் இருக்கும்போது அழகான பச்சை. கழுவி வெளியே எடுத்துச் சில நிமிடம் போனால் மஞ்சள், அப்புறம் செம்மஞ்சள். பரவொட்சைட்டு அந்தச் செம்மஞ்சளையே கெட்டியாக்கி வைக்கிறது. எத்தனை விதமாக அரித்தாலும் எல்லாத் துண்டும் கடைசியில் ஒரே நிறத்தில் வந்து நிற்பதைப் பார்க்கப் பார்க்க எரிச்சல்.

நியாயமாகப் பேசினால் குற்றம் பரவொட்சைட்டில் இல்லை. 1999 இல் வொல்கின், ஃபோஷே என்ற ஆய்வாளர்களின் குழுவினர் காட்டினார்கள்: ஆர்கன் வாயுவில் வைத்த துண்டுகள் தங்கள் நிறத்தோடேயே இருந்தன, ஒட்சிசன் பட்டவை சிவப்புப்பக்கம் இறங்கின. சிலிக்கன்–ஒட்சிசன் இரட்டைப் பிணைப்பில் இலத்திரன் மாட்டிக்கொள்கிறது என்பது அவர்கள் விளக்கம். அதற்குப்பிறகு இழையை எவ்வளவு மெலியவைத்தாலும் ஒளி ஏறத்தாழ 2.1 இலத்திரன் வோல்ற்றைத் (ஒளியின் சக்தியை அளக்கும் அலகு, நீலப்பக்கம் போகப்போகக் கூடும்) தாண்டாது. அது செம்மஞ்சள், பச்சைக்கு இன்னும் தூரம். காற்றே செய்கிற வேலையைத்தான் பரவொட்சைட்டும் செய்கிறது, வேகமாகவும் சீராகவும். தெரிந்தும் கோபம் என்னவோ போத்தல்மேல்தான் வருகிறது.

கோபத்துக்கு அது வேறு காரணமும் தரும். கச்சான் என்கிற வெப்பக் காற்று அடிக்கிற நாளில் கரண்டும் போனால் குளிர்ப்பெட்டி நின்றுவிடும், உள்ளே பரவொட்சைட்டு மெல்ல மெல்ல வெறும் தண்ணீராகும். லேபலில் முப்பது வீதம் என்று அப்படியே இருக்கும்.

பச்சையை நிறுத்த வேண்டுமென்றால் ஐதரசனுக்குப் பதிலாகக் காபன் சங்கிலியைக் கட்டவேண்டும், அதுவும் ஒட்சிசன் இல்லாத பெட்டிக்குள். அந்தப் பெட்டி என்னிடம் இல்லை, தம்பியிடமும் இருக்காது.

ஆகவே தம்பி, மலிவு, எளிது, ஆண்டுக்கணக்கில் மங்காது, எல்லாம் உண்மை. ஆனாலும் என்னைக் கேட்டால் போடவேண்டாம் என்றுதான் இன்றைக்குச் சொல்வேன். இல்லை, செம்மஞ்சளே போதும் என்றால் தாராளமாகப் போடுங்கள். புதுப் போத்தலாக வாங்குங்கள், காற்றுப்போக்கு உள்ள மூடியா என்று பார்த்து வாங்குங்கள்.