டைட்டானியமா, பீக்கா: மச்சான் கன்னத்துக்கு எது?
மாட்டுத்தாவணி பக்கம் பைக்கில் விழுந்த மச்சானுக்கு ஆறு மாதம் கழித்தும் வலது கன்னம் ஒடுங்கியே இருந்தது. சி.டி. ஸ்கேனை வைத்து அவர் முகத்துக்கென்றே அளவெடுத்த செயற்கைத் துண்டைக் கன்னத்துக்குள் எலும்போடு பொருத்தலாம் என்ற டாக்டர், இரண்டு மாதிரிகளைக் கையில் கொடுத்தார். ஒன்று சாம்பல் நிற டைட்டானியம், சல்லடை போல ஓட்டைகள். மற்றது பீக் என்ற பிளாஸ்டிக், வெளிறிய பழுப்பு, வழவழப்பு.

டைட்டானியத்தோடு எலும்பு ஒட்டி வளரும். ஸ்வீடன் மருத்துவ ஆராய்ச்சியாளர் பிரோனமார்க் 1952-இல் முயல் காலில் வைத்த டைட்டானியக் கருவியைக் கழற்ற முடியாமல் போனதில் கண்டது இது. 1965-இல் மனிதர் தாடைக்கு வந்தது. இத்தனை வருட அனுபவம் சும்மா இல்லை. ஆனால் எலும்பைவிடப் பல மடங்கு விறைப்பு, பின்னாளில் ஸ்கேன் எடுத்தால் கீற்றுக் கீற்றாகப் படத்தைக் கெடுக்கும். சித்திரை வெயிலில் சுடுமே என்று அம்மா பயந்தார். சதைக்கு அடியில் உடம்புச் சூடுதான் அம்மா.

பீக் ஸ்கேனை மறைக்காது, ஆபரேஷன் மேசையிலேயே சீவிச் சரிசெய்யலாம். ஆனால் எலும்பு ஒட்டாது, ஸ்க்ரூதான் பிடிப்பு. சுற்றிலும் தழும்பு போல ஓர் உறை கட்டும். அங்கே கிருமி புகுந்தால் மாத்திரையோடு போகாது, பெரும்பாலும் துண்டையே எடுக்க வேண்டிவரும். தொற்று டைட்டானியத்துக்கும் வரலாம், சரி. ஆனால் எலும்போடு ஒட்டியதைப் பெயர்ப்பது பெரும்பாடு.

அதனால்தான் அக்கா, "பிறகு எடுக்கணும்னா எது சுலபமா வரும்?" என்று கேட்டாள். கன்னத்தில் தாடை அளவுக்கு மெல்லும் சுமை இல்லை என்பதால் என் மனசும் பீக் பக்கம் சாய்ந்தது. டாக்டரோ மச்சானின் சட்டைப்பையில் இருந்த பீடிக்கட்டைக் காட்டி, முதலில் அதை விடச் சொன்னார்.