ட்வைலைட் ஸ்ட்ரகிள்: எதிரியின் அட்டையும் உங்கள் கையில்தான்

பனிப்போரை மையமாக வைத்து வந்த போர்டு கேம்களில் ஜிஎம்டி கேம்ஸ் 2005இல் வெளியிட்ட ட்வைலைட் ஸ்ட்ரகிளுக்கு இன்றும் தனி இடம் உண்டு. இருவர் ஆடுவது: ஒருவர் அமெரிக்கா, இன்னொருவர் சோவியத். அதிகபட்சம் 10 சுற்று, இரண்டரை மூன்று மணி நேரம் பிடிக்கும். யாராவது 20 புள்ளியைத் தொட்டால் அங்கேயே முடிந்தது. வாங்குவதானால் 2009இல் வந்த டீலக்ஸ் பதிப்பை வாங்குங்கள். பலகை கெட்டி, அட்டைகள் 110.

பெரும்பாலான அட்டைகளுக்கு இரண்டு பயன். ஒன்று, அதில் அச்சிட்டிருக்கும் வரலாற்றுச் சம்பவம். மற்றது, நாடுகளில் செல்வாக்கை வைக்கவோ ஆட்சியைக் கவிழ்க்கவோ உதவும் 1 முதல் 4 வரையிலான செயல்புள்ளிகள், அதாவது ஆப்ஸ். எதிரிக்குச் சாதகமான அட்டையை நீங்கள் ஆப்ஸுக்காகப் போட்டாலும் அந்தச் சம்பவம் நடந்தே தீரும். வியட்நாம் கிளர்ச்சியை அமெரிக்காவாக ஆடுபவரே தன் கையால் தொடங்கிவைக்க வேண்டிவரும். கையில் வந்த வில்லங்கத்தை எப்போது இறக்கினால் சேதம் குறையும் என்று கணக்குப் போடுவதுதான் பாதி ஆட்டம். சுற்றுக்கு ஒன்றை விண்வெளிப் போட்டியில் தள்ளிவிட்டுத் தப்பலாம், ஆனால் அந்த அட்டைக்குக் குறைந்தது 2 ஆப்ஸாவது இருக்க வேண்டும்.

சோவியத்தின் முதல் அடி பெரும்பாலும் ஈரானில் விழும். அங்கே அமெரிக்கச் செல்வாக்கு 1, நாட்டின் நிலைத்தன்மை எண் (அதை அசைப்பது எவ்வளவு கடினம் என்பதன் அளவு) 2. ஆட்சியைக் கவிழ்க்க, பகடையில் விழுந்ததையும் ஆப்ஸையும் கூட்டி, நிலைத்தன்மையின் இரு மடங்கைக் கழிக்க வேண்டும். 4 ஆப்ஸ் அட்டை போட்டு 3 விழுந்தால் கூட்டு 7, அதில் 4 போக மிச்சம் 3. அமெரிக்காவின் 1 காலி. மீதி 2 சோவியத் செல்வாக்காக உட்காரும், நாடும் கைமாறிவிடும். பாகிஸ்தானுக்கும் அதைத் தாண்டி இந்தியாவுக்கும் அமெரிக்கா போகும் வழி அடைபட்டுவிடும். (1953இல் நிஜ ஈரானில் பிரதமர் மொசாடெக்கைக் கவிழ்த்தது அமெரிக்காவும் பிரிட்டனும்தான்.)

வழி என்று சொல்லக் காரணம், உங்கள் செல்வாக்கு ஏற்கெனவே இருக்கும் நாட்டிலோ அதன் அண்டை நாட்டிலோதான் புதிதாக வைக்க முடியும். ஒரு நாடு விழுந்தால் பக்கத்து நாடுகளும் வரிசையாக விழும் என்று 1954இல் அமெரிக்க அதிபர் ஐசன்ஹோவர் சொன்ன டாமினோ கோட்பாடு இங்கே விதியாகவே இருக்கிறது. வரைபடத்தில் வியட்நாமின் நிலைத்தன்மை வெறும் 1, அது முக்கிய நாடுகளின் பட்டியலிலும் இல்லை. தென்கிழக்கு ஆசியப் புள்ளி அட்டை வரும்போது வியட்நாமுக்கு 1 புள்ளி, தாய்லாந்துக்கு 2. ஆனால் வியட்நாமில் கால் ஊன்றியவருக்குத் தாய்லாந்து பக்கத்து வீடு. தன்னளவில் பெரிய மதிப்பில்லாத இடத்துக்காக இரு பக்கமும் ஏன் அட்டையை வீணாக்குகின்றன என்பது இரண்டாவது ஆட்டத்திலேயே புரிந்துவிடும். 58,000 அமெரிக்கச் சிப்பாய்கள் செத்த போரின் தர்க்கம் இதுதான். அந்தச் சேற்றுக்கும் ஓர் அட்டை உண்டு: குவாக்மயர். அது விழுந்தால் ஒவ்வொரு முறையும் 2 ஆப்ஸாவது உள்ள ஓர் அட்டையைத் தொலைத்து, பகடையில் 1 முதல் 4 வரை விழுந்தால்தான் அமெரிக்கா வெளியே வரும். சோவியத்துக்கு இதே தண்டனை தரும் அட்டை பேர் டிராப் (கரடிப் பொறி).

புதியவர்கள் தோற்பது பெரும்பாலும் டெஃப்கானில். 5இல் தொடங்கும் இந்த அணுப்போர் அளவுகோல், முக்கிய நாட்டில் கவிழ்ப்பு நடக்கும்போதெல்லாம் ஒன்று குறையும். 4க்கு வந்தால் ஐரோப்பாவிலும், 3இல் ஆசியாவிலும், 2இல் மத்திய கிழக்கிலும் கவிழ்ப்புக்குத் தடை. 1 ஆனால் அணுப்போர். அந்த நேரத்தில் யாருடைய முறையோ அவர் தோற்றார், குறைத்தது யார் என்ற கேள்வியே கிடையாது. டெஃப்கான் 2இல் இருக்கும்போது சோவியத் ஆட்டக்காரர் 'சிஐஏ உருவாக்கம்' அட்டையைப் போட்டால், அமெரிக்கா அதை வைத்து ஆப்பிரிக்காவிலோ லத்தீன் அமெரிக்காவிலோ ஒரு முக்கிய நாட்டில் கவிழ்ப்பு நடத்தும். முறை சோவியத்துடையது, எனவே ஆட்டம் காலி. 1 ஆப்ஸ் அட்டை என்பதால் விண்வெளிக்கும் அனுப்ப முடியாது. டெஃப்கான் 3 அல்லது அதற்கு மேல் இருக்கும்போதே போட்டுவிடுங்கள், இல்லையென்றால் அடுத்த சுற்றுக்குக் கையில் வைத்திருங்கள். பொதுவாக ஓர் அட்டைதான் மிஞ்சும் என்பதால் முன்கூட்டியே திட்டமிட வேண்டும். கவிழ்ப்புக்குப் பயந்து சும்மா இருக்கவும் முடியாது: கவிழ்ப்பு போன்றவற்றால் ஒரு சுற்றில் சேரும் ராணுவ நடவடிக்கை எண் டெஃப்கான் எண்ணைவிட எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு புள்ளி எதிரிக்குப் போகும்.

பெரிய குறை, சிறு நாடுகளுக்குச் சொந்த விருப்பமே இல்லாதது. பனிப்போர்த் தர்க்கம் முழுவதையும், அதில் பொய்யென்று நிரூபணமானதையும் சேர்த்தே, ஆட்டம் உண்மையாக எடுத்துக்கொள்கிறது என்று வடிவமைப்பாளர்களே விதிப்புத்தகத்தில் ஒப்புக்கொள்கிறார்கள். நேர்மைதான், ஆனாலும் அணிசேரா இந்தியா இங்கே பிடிக்க வேண்டிய கட்டம் மட்டுமே. இந்திய–பாகிஸ்தான் போர் அட்டையை எந்த வல்லரசும் போடலாம், இரண்டில் எந்த நாட்டையும் படையெடுக்க வைக்கலாம். வங்கதேசம் வரைபடத்திலேயே இல்லை.

தொடக்கச் சுற்றுகளில் சோவியத்தின் கை ஓங்கியிருக்கும். அனுபவசாலிகள் அமெரிக்காவுக்கு 2 செல்வாக்கு கூடுதலாகக் கொடுத்துத் தொடங்குகிறார்கள். சமநிலைக்கு அதுவே போதும். பிளேடெக் வெளியிட்ட கணினிப் பதிப்பு தடைகளையும் அண்டை நாடுகளையும் தானே கணக்கிட்டுக்கொள்ளும், விதிகளைப் பழக அது நல்ல வழி. அதில் எந்திர எதிராளி சுமார்தான், அட்டைகள் மனப்பாடமானதும் மனிதரோடு ஆடுங்கள்.