ஆர்டோஃபோன் பிளாக்கா, டெனான் 103-ஆ?

நல்ல டர்ன்டேபிள் வாங்கியவர் எல்லோரும் கடைசியில் வந்து முட்டும் கேள்வி, இசைத்தட்டின் பள்ளத்தை ஊசியால் படித்து மின்னலையாக்கும் கார்ட்ரிட்ஜ் எம்எம்மா (மூவிங் மேக்னெட்), எம்சியா (மூவிங் காயில்) என்பது. எனக்கு அது டென்மார்க்கின் ஆர்டோஃபோன் 2எம் பிளாக்கா, ஜப்பானின் டெனான் டிஎல்-103-ஆ என்று வந்து நின்றது. பிளாக்கை எடுத்தேன். ஒலி அதற்குப் பாதிக் காரணம்தான்.

எம்எம்மில் ஊசியோடு அசைவது காந்தம், எம்சியில் சுருள். அதை எல்லோரும் எழுதிவிட்டார்கள். நம் பையைத் தொடுவது அதன் விளைவு: பிளாக் 5 மில்லிவோல்ட் தருகிறது, 103 தருவது 0.3 மட்டுமே. கார்ட்ரிட்ஜின் சிறு மின்னலையைப் பெருக்கும் சாதாரண ஃபோனோ ஸ்டேஜ் அதற்குப் போதாது. எம்சி வசதியுள்ள ஸ்டேஜோ, மின்னழுத்தத்தை உயர்த்தித் தரும் ஸ்டெப்-அப் டிரான்ஸ்ஃபார்மரோ வேண்டும். கார்ட்ரிட்ஜ் விலையில் மிஞ்சியது அங்கே போய்விடும். கார்ட்ரிட்ஜைத் தாங்கும் கையான டோன்ஆர்மும் கனமாக இருக்கக் கேட்கும், ஊசி தட்டின் மேல் அழுத்தும் எடை 2.5 கிராம்.

103 பிறந்தது 1960-களின் தொடக்கத்தில், ஜப்பானின் பொது ஒலிபரப்பு நிறுவனமான என்எச்கேயின் ஒலிபரப்புக்காக. இன்றும் தயாரிப்பில் இருக்கிறது, அதுவே ஒரு சான்றிதழ். நண்பர் வீட்டில் சில மாலைகள் கேட்டதுதான் என் அனுபவம், ஆகவே தீர்ப்பாக எடுக்க வேண்டாம்: குரலுக்கு ஒரு சதைப்பிடிப்பு இருந்தது, பிளாக்கில் அது அவ்வளவு இல்லை. ஆனால் 103-இன் ஊசிமுனை உருண்டை. தட்டின் உள்வட்டத்தில், ஒவ்வொரு பக்கத்தின் கடைசிப் பாட்டில், ‘ஸ’ ஒலிகள் கரகரத்தன.

பிளாக்கில் இருப்பது ஷிபாட்டா முனை. 1970-களில் நான்கு சேனல் தட்டுகளுக்காக ஜப்பானிய நிறுவனமான ஜேவிசி உருவாக்கிய வடிவம். பள்ளத்தின் சுவரை நீளவாக்கில் தொடுகிறது. என்னிடம் இருப்பவற்றில் பாதி பழைய எல்பிகள். யாரோ எப்போதோ தேய்ந்த உருண்டை ஊசியால் உழுதவை. அந்த ஊசி தொடாத இடத்தை ஷிபாட்டா தொடுவதால் சில தட்டுகள் உண்மையிலேயே பிழைத்தன. எல்லாம் அல்ல. பொருத்துவதில் கொஞ்சம் பிசகினாலும் இந்த முனை மன்னிக்காது. உருண்டை முனை பெருந்தன்மையானது.

இனி, என்னை முடிவெடுக்க வைத்த விஷயம். ஊசி தேயும். கவனமாகக் கையாண்டால் ஆயிரம் மணி நேரம் வரை போகலாம் என்கிறது ஆர்டோஃபோன். தேய்வதற்கு முன்பே ஒடியவும் செய்யும்: தூசி தட்டுகிற துணியின் நூல் மாட்டினால் போதும், மயிரிழைத் தண்டு வளைந்துவிடும். வீட்டில் குழந்தைகளோ, பூனையோ, ஆர்வம் மிகுந்த விருந்தினரோ உண்டென்றால் இது என்றாவது நடக்கும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். பிளாக்கில் ஊசிப்பகுதியை மட்டும் விரலால் இழுத்துக் கழற்றி, புதியதைச் செருகலாம். திருகைத் தொட வேண்டாம், அளவுமானியை எடுக்க வேண்டாம். அந்த ஊசி மலிவல்ல. கார்ட்ரிட்ஜ் விலையில் பெரும்பகுதி அதுதான். ஆனால் அதே 2எம் வரிசையின் ‘ப்ரான்ஸ்’ (Bronze) மாதிரியின் ஊசியும் இதே உடலில் பொருந்தும். கை நெருக்கடியான மாதத்தில் அதைப் போட்டுச் சமாளிக்கலாம், அல்லது கீறல் விழுந்த தட்டுகளுக்கென்றே ஒன்றை ஒதுக்கலாம்.

103-இல் அது முடியாது. சுருளும் ஊசியும் ஒரே தண்டில் இருப்பதால் முழுக் கார்ட்ரிட்ஜும் கழன்று வர வேண்டும். ஒன்று, பழையதைக் கொடுத்துக் குறைந்த விலையில் புதியது வாங்க வேண்டும். இல்லையேல் முனை மாற்றித் தருகிற கைவினைஞருக்கு அனுப்ப வேண்டும். வெளிநாட்டுக்கு என்றால் தபால், சுங்கம், திரும்பி வரும்போது மறுபடி சுங்கம். அதுவரை டர்ன்டேபிள் சும்மா கிடக்கும். வந்ததும் மீண்டும் முதலிலிருந்து பொருத்த வேண்டும். மறுவிற்பனையிலும் இதே கதை: எத்தனை மணி நேரம் ஓடியது என்று யாரும் நிரூபிக்க முடியாத எம்சியை வாங்கத் தயங்குவார்கள். எம்எம் என்றால் உடலை வாங்கிப் புது ஊசி போட்டுக்கொள்ளலாம்.

கனமான ஆர்மும் எம்சி ஸ்டேஜும் ஏற்கெனவே வைத்திருப்பவருக்கு இந்தக் கணக்கு மாறும். அவர் 103 பக்கம் போவதில் தப்பில்லை. அப்படிப் போனாலும், பழையதைக் கொடுத்துப் புதியது வாங்கும் வசதி தருவாரா என்று விற்பவரிடம் முதலிலேயே கேட்டுவிடுங்கள்.